பச்சை முக்காலி

ஜூன் 3, திங்கள்

காலையில் முதல் வேலையாக, பால் பாக்கெட்டை உள்ளே எடுப்பதற்கும் முன்னால், கார் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினேன். நேற்று மாலை ஓட விட்ட மின்விசிறித் தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி தாங்கிவிட்டது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். இலேசாகக் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி அளவுக்குத்தான் சூடு. கொஞ்ச நேரம் அந்தக் காற்றிலேயே நின்றேன்.

அப்புறம் பால், தோசை, துணி.

போன வருஷம் அன்னூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். காட்டுக்குள் பந்தல். ஜெனரேட்டர் நின்றுபோய், துருவ, நறுக்க, பிசைய என்று கொண்டுவந்த மெஷின்கள் எல்லாம் வரிசையாகச் சும்மா கிடக்க, சமையல் பெண்கள் கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மெஷினுக்குள்ளும் ஐந்து மோட்டார். எதற்கு ஐந்து? ஒரு மோட்டார், ஒரு பேட்டரி, மூன்று மடக்குக் கால்கள் போதாதா? மேலே வேண்டிய தலையை உட்காரவைத்துத் திருகிக்கொள்ளலாம்: தேங்காய் துருவி, காய் நறுக்கி, மாவு பிசையும் கிண்ணம். வேலை முடிந்தால் அதிலேயே விசிறி, அதிலேயே விளக்கு. அன்று சாப்பிட்ட இலையை மூடும்போதே முக்காலி என் மனதில் நின்றுவிட்டது.

ஷட்டருக்குள் அது நிஜமாக நிற்கிறது. எடைதான் இன்னும் அதிகம். ஒரு பெண் மடக்கிப் பையில் போட்டுத் தனியாகத் தூக்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று மாலை இவர் இரண்டு டம்ளர் டீயோடு ஷெட்டுக்கு வந்தார். அவரே போட்ட டீ. சர்க்கரை அதிகம். நான் சொல்லவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வளையத் தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோட்டாருக்கு மேல் உட்காரும் தட்டு அது. தலையின் அடியிலிருக்கும் மூன்று காதுகள் அதன் மூன்று வெட்டுக்களுக்குள் இறங்கி, திருகினால் பிடித்துக்கொள்ளும்.

"வசு, மூணும் ஒரே தூரத்துல இல்லியே. தப்பாப் போட்டுட்டியா?"

"தப்பில்லீங்க. ஒரே தூரம்னா தலைய எப்படி வேணா திருப்பி மாட்டிருவாங்க. இப்ப ஒரே மாதிரிதான் உக்காரும். கண்ண மூடிட்டுக்கூட மாட்டலாம்."

கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பார்த்தார். உட்கார்ந்ததும் சிரித்தார். "அட, ஆமா அம்மிணி."

ஃபோனில் படம் எடுத்தார். யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்றேன். "என்ற பொண்டாட்டி பண்ணுனத நான் பாக்கறதுக்குக்கூடவா?" என்றார்.

நான் மின்பொறியியல் படித்தவள் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் அந்தப் படிப்பு இவரும் இவர் அண்ணனும் நடத்தும் பம்ப் மோட்டார் கம்பெனிக்கு வரிக்கணக்குப் பார்க்கத்தான் உதவியது. இவர் என்னிடம் 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்டு, பதிலை முழுசாகக் கேட்டது இன்றுதான். டீ ஆறிப்போனதைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

சூலூரில் ஒரு கல்யாணம். சமையல் ருக்குமணி அக்கா. பன்னிரண்டு பெண்களை வைத்துக்கொண்டு கோவை, திருப்பூர் முழுக்கச் சமைக்கிறார். முக்காலியை நிஜ வேலைக்கு விட்டுப் பார்க்க அவரைத்தான் கேட்டேன்.

பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றார். "என்ன அம்மிணி இது, ஃபோட்டோ புடிக்கறவன் ஸ்டேண்டாட்டம் இருக்குது. எங்கள நிக்க வெச்சுப் படம் புடிக்கப் போறியா?"

"தேங்காய் துருவுமுங்க்கா."

"துருவட்டும், பொறவு பேசிக்கலாம்."

துருவியது. கோஸ் நறுக்கியது. மாவு பிசைந்தது. பின்கட்டில் வெளிச்சம் பற்றவில்லை என்றதும் விளக்கை மாட்டிக் காட்டினேன். பெண்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். பீன்ஸ் நறுக்கும்போது மட்டும் நார் சிக்கி நின்றுபோனது. ருக்குமணி அக்கா அதைக் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டே சொன்னார்: "பின்னாடி சுத்துனா தானா துப்பிப்போடும்ல. உன்ற மெஷினுக்கு முன்னாடி போக மட்டுந்தான் தெரியுமா? என்ற ஊட்டுக்காரராட்டம்."

ரிவர்ஸ். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

ரிவர்ஸ் வேலை செய்கிறது. கேரட், பீன்ஸ், தேங்காய் மூன்றிலும் வேண்டுமென்றே சிக்கவைத்துப் பார்த்தேன். பட்டனை அழுத்தினால் துப்பிவிடுகிறது. சந்தோஷத்தில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துபோனேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். சந்தேகம் கேட்டார், நல்ல சந்தேகங்கள். வார்ப்புக்காரர் ஒருவரைத் தெரியும், தட்டும் கிண்ணமும் ஒரு ஜோடி கொடுத்தால் எடையை எங்கே குறைக்கலாம் என்று கேட்டுவருவதாகச் சொன்னார். துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

கல்யாணமான புதிதில் மருதமலைப் படியில் இவர் என் செருப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தது ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 10, புதன்

தட்டும் கிண்ணமும் திரும்பி வந்தன. எடையைப் பற்றி வார்ப்புக்காரர் ஒன்றும் சொல்லவில்லையாம். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் களிமண் ஒட்டியிருந்தது. கழுவினேன்.

வடிவத்தை என் பெயரில் பதிந்துவிட்டு, சின்ன அளவில் செய்து விற்க ஆரம்பிக்கலாம் என்று சொன்னேன்.

"ஆனி முடியப்போகுது வசு. ஆடில போயி எதையாச்சும் ஆரம்பிப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும். நல்ல நாளாப் பாத்து நானே கூட்டிட்டுப் போறேன்."

"பதியறதுக்கு எதுக்குங்க நல்ல நாள்?"

"அதான மொதல்ல. அம்மா இருந்திருந்தா விட்டிருப்பாங்களா?"

இந்த வீட்டில் ஆடியில் ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டார்கள். மாமியார் போன பிறகும் அப்படித்தான். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இவர் 'நானே கூட்டிட்டுப் போறேன்' என்றாரே. ஒரு மாதம்தானே. எடையைக் குறைக்க எனக்கும் நேரம் வேண்டும்.

ஜூலை 24, புதன்

ஆடிக் காற்று. எத்தனை துடைத்தாலும் முக்காலி மேல் தூசி. கம்பெனியில் வேலை அதிகமாம், இவர் ஷெட்டுப் பக்கம் வந்து பல நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

கால்களை அலுமினியக் குழாயில் மாற்றியிருந்தேன். அதற்குப் பவுடர் கோட்டிங், அதாவது சூட்டில் உருக்கி ஏற்றும் பெயின்ட், போட கணபதியில் தாஜுதீன் பாயின் பட்டறைக்கு எடுத்துப்போனேன். பழைய வேலையின் தொடர்ச்சிதான், புதிதாக ஆரம்பிப்பது ஆகாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே, அடுப்பிலிருந்து வெளிவந்த கம்பியில், கொக்கிகளில் வளையத் தட்டுகள் தொங்கின. வரிசையாக. பச்சை நிறம், எங்கள் கம்பெனிப் பம்புகளின் பச்சை. காற்றில் இலேசாக ஆடின. ஒவ்வொன்றிலும் மூன்று வெட்டுக்கள். இரண்டு கிட்டக் கிட்ட, ஒன்று தள்ளி.

நான் ஒன்றைத் தொடப் போனேன். "சூடு மேடம்" என்றார் பாய். பிறகு சிரித்தார். "உங்க கம்பெனி ஐட்டம்தான். காலு, தட்டு, கிண்ணம் எல்லாம் வந்துட்டே இருக்கு. ஆவணில போடறாங்களாமே. எங்க ஊட்லயும் ஒண்ணு கேக்கறாங்க."

"யாரு பாய் கொண்டுவந்தாங்க?"

"சார்தான். நந்தகுமார் சார், உங்க ஊட்டுக்காரரு. அவரே வண்டில ஏத்தியாந்து எறக்குனாரு. ஆனிக் கடேசில இருந்து." என் கையிலிருந்த குழாய்களைப் பார்த்தார். "இதுவும் பச்சைதானுங்களா மேடம்?"

இதற்கு என்ன கலர் என்று யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். குழாய்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இட்லிக்கு அரைத்தேன். பீரோவை ஒழித்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கேட்டுவிட்டேன். இவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பச்சைத் தட்டெல்லாம் பாத்தேனுங்க."

கை நின்றது. பிறகு மறுபடி பிசைந்தார். "சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"அண்ணன் நெலம உனக்குத் தெரியுமில்ல. பம்பு முன்ன மாதிரி போறதில்ல. புதுசா ஒண்ணு எறக்கலீன்னா டீலர் எல்லாம் போயிருவாங்க. இதென்ன வேத்தாளா எடுத்துட்டுப் போனான்? நம்ம ஊட்டுக்குள்ளதான இருக்குது. நீ ஷெட்டுக்குள்ள உக்காந்துட்டு எத்தனை பண்ணியிருப்ப?"

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்லீங்க."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

நான் எழுந்து மோர் எடுத்து வந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இத்தனை வருஷம் கூட இருந்தவருக்கு அது தெரியவில்லை. அல்லது தெரிந்தே, கேட்டு வாங்கினால் அது என்னுடையதாகிவிடுமே என்று கேட்கவில்லை. எது என்று கண்டுபிடிக்க எனக்குத் தைரியமில்லை.

"ஆடில ஒண்ணும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"நாங்க ஆனிலயே பூசை போட்டுட்டம்" என்றார். குற்றம் எதுவும் தெரியாத குரலில், அதுதான் முறை என்பது போல.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இவர் அண்ணன் மனைவி, லலிதா அக்கா வந்திருந்தார். மாம்பழ நிறத்தில் எனக்கு ஒரு பட்டுச் சேலை கொண்டுவந்தார். இருபத்தி இரண்டாம் தேதி அவினாசி ரோட்டு ஹோட்டலில் டீலர்கள் கூட்டம், அதில்தான் வெளியீடு. விளக்கேற்ற நானும் அவரும்.

"எனக்கும் இதே பார்டர்தான் வசு. ரெண்டு பேரும் சோடியா நின்னா நல்லா இருக்கும்."

"எதுக்குங்க்கா எனக்கு?"

"என்ன இப்பிடிக் கேக்கற? உனக்கும் அதுல பங்கு இருக்குதுன்னு எங்க ஊட்டுக்காரரே சொன்னாரு. கலர் எல்லாம் நீதான சொன்னயாமா?"

கலர்.

வெங்காய போண்டா போட்டுக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று நாலு சாப்பிட்டார். அவரிடம் கோபப்பட முடியவில்லை. அவரிடம் சொன்னதைத்தான் அவர் சொல்கிறார்.

ஷெட்டில் முக்காலியைப் போர்வை போட்டு மூடினேன். பிறகு போர்வையை எடுத்தேன். ஒரு குற்றமும் செய்யாததை எதற்கு மூட வேண்டும்?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்த மறுநாள். நீலாம்பூரில் புதுமனை புகுவிழா. ருக்குமணி அக்கா முக்காலியை அனுப்பு என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானே எடுத்துப்போனேன். பூரி. மாவுக் கிண்ணம் நிறையக் கோதுமை மாவு. தண்ணீர் குறைந்துபோய் மாவு கட்டியாக இறுகி, பிசையும் கொக்கியோடு நின்றுவிட்டது.

நான் எதிர்ப்பக்கம் இருந்தேன். ருக்குமணி அக்கா வழக்கம்போல ரிவர்ஸை அழுத்தினார்.

கிண்ணம் கழன்றது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மாவோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி, தட்டிலிருந்து எகிறி அவர் இடது கையில் அடித்தது. அவர் கத்தவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எலும்பு முறிவு. மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. முன்னே சுற்றும்போது மாவு கிண்ணத்தையும் அதே பக்கம் இழுக்கிறது. காது இன்னும் இறுகுகிறது. பின்னே சுற்றினால் அதே மாவு கிண்ணத்தைக் கழற்றும் பக்கம் இழுக்கும். ரிவர்ஸை நான் காயில் சோதித்தேன், தேங்காயில் சோதித்தேன். மாவில் சோதிக்கவில்லை. மாவுக்கு எதற்கு ரிவர்ஸ் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்தக் கம்பி கண் முன்னால் வந்தது. கொக்கி கொக்கியாகப் பச்சைத் தட்டுகள். அத்தனையிலும் என் ரிவர்ஸ்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ருக்குமணி அக்கா வீட்டுக்குக் கஞ்சி எடுத்துப்போனேன். டம்ளரில் ஊற்றி அவர் வலது கையில் கொடுத்தேன்.

"உனக்கு ஆண்டவன் மூளையக் குடுத்தான். எனக்குக் குடுத்தது ரெண்டு கை. அதுல ஒண்ண வாங்கிட்டுப் போயிட்ட" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, வெசனப்படாத. உக்காரு. கரண்டி புடிக்கற கை நல்லாத்தான் இருக்குது" என்றார்.

கம்பெனிக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அப்ப அவுங்க விக்கறதுலயும் இப்பிடித்தான் கழண்டு வருமா?"

"வருமுங்க்கா."

"வாங்கறவளுக்கு ரெண்டு கையும் போயிருச்சுன்னா?"

கஞ்சித் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாலையில் இவரிடம் சொன்னேன். கூட்டத்தைத் தள்ளிப்போடச் சொன்னேன். கேட்டுவிட்டு டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

"இப்பப் போயி இதச் சொன்னா அண்ணன் என்ன நெனைப்பாரு? நீ வயித்தெரிச்சல்ல சொல்றீன்னு நெனைப்பாரு."

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"நான் என்ன நெனைக்கறது" என்றார். மறுபடி சத்தத்தைக் கூட்டினார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. காலையிலிருந்து ஷெட்டைவிட்டு வெளியே வரவில்லை. தட்டில் ஒரு துளை. அதில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னப் பின். கிண்ணத்தை மாட்டித் திருகியதும் பின் மேலெழும்பி ஒரு காதுக்குப் பின்னால் நின்றுவிடும். அப்புறம் கிண்ணம் எந்தப் பக்கமும் திரும்பாது. பின் சரியாக நிற்காவிட்டால் மோட்டார் ஓடாது. மாவைக் கல்லாகப் பிசைந்து ரிவர்ஸில் போட்டேன், மறுபடி மறுபடி. மோட்டார் முனகியது. கிண்ணம் அசையவில்லை.

மாலை ஆறு மணி இருக்கும். இவர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பின் பொருத்திய தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டேன்.

"அண்ணங்கிட்டச் சொன்னேன் வசு. மொதல்ல சத்தம் போட்டாரு. பொறவு யோசிச்சுட்டு, அதச் சரி பண்ண எதாச்சும் வழி இருந்தா நீயே ஒண்ணு பண்ணிக் குடுன்னாரு. வியாழக்கிழமை கூட்டம் நடக்கட்டும், அடுத்த லாட்டு பண்றப்ப சேத்துக்கலாங்கறாரு."

"இந்த லாட்டு?"

"ரிவர்ஸ ரொம்ப அழுத்த வேண்டாம்னு சொல்லிக் குடுத்துருவாங்க." டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "ஏதாச்சும் வழி தோணுச்சா?"

அதே குரல். ஜூன் மாதத்தில் காதைப் பற்றிக் கேட்ட குரல். அன்றைக்கும் இதற்குத்தான் வந்திருக்கிறார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டியதும், நல்ல சந்தேகங்களாகக் கேட்டதும், கண்ணை மூடி மாட்டிப் பார்த்ததும். இரண்டு மாதமாக அந்த ஒரு மாலையை நான் மட்டும் தனியாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க. இன்னும் தோணல" என்றேன்.

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் இல்லை. ஆனால் சொன்ன பிறகு வருத்தம் வராத முதல் பொய்.

டீயில் சர்க்கரை இன்றும் அதிகம். குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

பொய்யை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. நான் பேசாமல் இருந்தால் எங்கோ ஒரு கல்யாண வீட்டுப் பின்கட்டில் இன்னொரு பெண் அந்தப் பட்டனை அழுத்துவாள். இவரிடம் பின்னைக் கொடுத்தால் அதுவும் பச்சையாகி அந்தக் கம்பியில் தொங்கும். அதற்குள் முதல் லாட்டு எல்லா ஊருக்கும் போயிருக்கும். கொடுக்காமலும் இருக்க முடியாது, இவர் வழியாகக் கொடுக்கவும் முடியாது. காலையிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில் சமைத்தேன், பெருக்கினேன், சேலைக்கு ஃபால்ஸ் தைத்தேன்.

மதியம் ருக்குமணி அக்கா ஃபோன். "நாளைக்கு என்ன பண்ணப்போற?"

"வெளக்கேத்தப் போறேனுங்க்கா."

"ஏத்து, ஏத்து. நல்லா ஏத்து" என்று வைத்துவிட்டார். அவருக்குக் கோபம். இருக்கட்டும். சொன்னால் அவர் கட்டுப்போட்ட கையோடு வந்து முன்வரிசையில் நிற்பார். இது என் வேலை.

சாயங்காலம் லலிதா அக்கா வந்து பூவைத் தந்துவிட்டுப் போனார். இவர், காரில் எல்லோரும் சேர்ந்து போய்விடலாம் என்றார். நான் கோயிலுக்குப் போய்விட்டு ஆட்டோவில் வந்துவிடுகிறேன் என்றேன். "லேட் பண்ணிராத" என்றார்.

லேட் பண்ண மாட்டேன். மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொள்வேன். கூப்பிட்டதும் மேடைக்குப் போய் லலிதா அக்காவோடு விளக்கேற்றுவேன். ஏற்றிவிட்டு இறங்க மாட்டேன். அங்கே நிற்கிற பச்சை முக்காலியில் கிண்ணத்தை மாட்டி, கட்டியாகப் பிசைந்த மாவைப் போட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நானும் ஒரு நீளக் கம்பின் தூரத்துக்கு விலகி நின்று, அந்தக் கம்பால் பட்டனை அழுத்தி ரிவர்ஸை ஓட விடுவேன். கிண்ணம் கழன்று விழும். டீலர்கள் பார்க்கட்டும். அப்புறம் விழுந்த அதே கிண்ணத்தை எடுத்து என் முக்காலியில் மாட்டுவேன். அது உட்காரும்; என் கிண்ணத்தில் அச்செடுத்து வார்த்ததுதானே, உட்காராமல் என்ன செய்யும். மறுபடி ரிவர்ஸ். பின் எப்படிப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது, முதல் லாட்டில் ஒன்றுகூட இந்தப் பின் இல்லாமல் ஏன் வெளியே போகக் கூடாது என்று சொல்வேன். இது யார் வரைந்தது என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அதற்கப்புறம் இந்த வீட்டில் என்னை எங்கே உட்காரவைப்பார்கள் என்று தெரியாது. இவர் முன்வரிசையில் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியுமா என்று யோசித்தேன். முடியாது. ருக்குமணி அக்காவின் மணிக்கட்டை நினைத்துக்கொண்டு பேச முடியும்.

ஹாலில் இவர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். என் சேலையையும் தேய்த்துத் தரவா என்று இப்போதுதான் கேட்டார். தாங்க என்றேன். மாவு பிசைந்து மூடி வைத்திருக்கிறேன். முக்காலியை மடக்கிப் பையில் போட்டுத் தூக்கிப் பார்த்தேன். நான் தனியாகவே தூக்கிவிடுவேன்.